மேடை முடியுமட்டும் சொல்லாதேங்கோ

சோற்றுக் கிடாரத்தின் மூடியைக் கொஞ்சம் நீக்கிவிட்டு, எழும்பும் ஆவிக்கு மேலே தன் சிவப்புக் கோட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறார் சீலன் அண்ணர். முதுகில் விழுந்த மடிப்பு ஆவி பட்டு மெல்ல மெல்ல அவிழ்கிறது. சமையல்காரர் முறைக்கிறார். "உதைக் கொண்டு அங்காலை போங்கோ, சோத்துக்குள்ளை நூல் விழப்போகுது." சீலன் அண்ணர் அசைவதில்லை. "அயன் பிடிச்சா இந்தத் துணியின்ரை மினுக்கம் செத்துப்போகும் ஐசே. சோத்தாவி பட்டாத்தான் உயிர் வரும்."

அதனால் அந்தக் கோட்டில் எப்போதும் சோற்று மணம் இருக்கும். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் பசி வந்துவிடும் என்று எங்கள் சமையலறையில் ஒரு பகிடி உண்டு.

முழுப்பெயர் பத்மசீலன். பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் சனம் மண்டபம் எடுத்துச் செய்கிற கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒலிவாங்கி பிடிக்கிறவர் அவர். அறிவிப்பாளர் என்று சொல்வார்கள். பாட்டும் பாடுவார், பகிடியும் விடுவார். பந்தியில் இரண்டு பேர் கைகலக்கப் போனால் மேடையில் நின்றபடியே விலக்கியும் விடுவார். நான் சாப்பாடு கொடுக்கிற ஆட்களோடு போய் மண்டபத்துச் சமையலறையில் சட்டி பானை கழுவுகிறவள். கிழமை நாட்களில் அவரும் கழுவுகிறவர்தான். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்கடையில், நிலத்துக்குக் கீழே இருக்கிற அறையில், கோப்பை கழுவுகிற வேலை. "பிளோஞ்ச்" என்று பிரெஞ்சில் சொல்லுவது அதைத்தான். "அது வேலை ரோசாலி. இது தொழில்" என்பார். "அங்கை என்ரை பேரே ஒருத்தனுக்கும் தெரியாது. ஓய் எண்டுதான் கூப்பிடுவாங்கள். இஞ்சை பார், கதவிலை நிக்கிறவன்கூட எழும்பி வணக்கம் சொல்லுறான்."

ஆள் மெல்லிசு. தோளெலும்பு கோட்டுக்குள்ளும் தெரியும். மீசையில் நரைத்த இடங்களைப் பெண்பிள்ளைகள் புருவத்துக்குப் பூசுகிற பென்சிலால் கறுப்பாக்குவார். மேல்வரிசைப் பல் கட்டுப்பல். மேடை ஏறுமுன் பெருவிரலை வாய்க்குள் விட்டு அதை ஒருமுறை அழுத்தி இறுக்குவார். இந்தச் சின்ன நெஞ்சுக்குள் இருந்தா அந்தக் குரல் வருகிறது என்று முதல் தரம் கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்டவர் சில பேருக்குக் கொடையைக் கொடுக்கும்போது அது எந்தப் பாத்திரத்துக்குள் போகிறது என்று பார்ப்பதில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மேடை இல்லாத நாளிலும் அந்தக் குரலை அவரால் அடக்க முடியாது. எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் மரக்கறிப் பைகளோடு வந்தால், கடைவாசலில் நின்று தொடங்கிவிடுவார். "அன்பான உறவுகளே! இதோ, பொண்டி மாநகரின் கத்தரிக்காய்த் தட்டுப்பாட்டுக்குக் காரணமான ரோசாலி அவர்கள் தன் இரு கைகளிலும் பைகளோடு வந்துகொண்டிருக்கிறார்!" வெள்ளைக்காரச் சனம் நின்று பார்க்கும்.

"சும்மா இருங்கோ அண்ணை. சனம் பாக்குது."

"பாக்கட்டும். பாக்காமல் போனாத்தான் பயம்."

அவருடைய கெட்டித்தனம் பாட்டிலும் இல்லை, பகிடியிலும் இல்லை, பெயர் கூப்பிடுவதில்தான். சாமத்தியவீட்டில் பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கப் பெண்களைச் சோடி சோடியாக மேடைக்கு அழைக்க வேண்டும். மாமியைப் பெரியம்மாவுக்குப் பிறகு கூப்பிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த கல்யாணவீட்டுக்கு வராது. கதை பேச்சில்லாத இரண்டு பேரை ஒரே தட்டைப் பிடிக்க விட்டால் மேடையிலேயே முகம் சுருங்கும். சீலன் அண்ணர் முதல் நாளே வீட்டுக்காரரோடு இருந்து யார் யாருக்குக் கோபம், யார் யாருடைய சம்பந்தி என்று கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வருவார். "சனத்துக்குப் பாட்டு மறந்துபோகும். ஆரைப் பிந்திக் கூப்பிட்டது எண்டது சாகுமட்டும் மறவாது."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு. அவர் பகிடிக்கு அல்ல, அவருக்கு. முன்வரிசையில் இருந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு விளங்கும். விளங்காத மாதிரி குனிந்து, "என்னப்பு, இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ, அங்கிளுக்குக் காது கொஞ்சம் மந்தமாப் போட்டுது" என்று ஒலிவாங்கியை அவர்கள் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவார். அதோடு பிள்ளைகள் அடங்கிவிடும். ஒலிவாங்கி என்றால் எல்லோருக்கும் பயம். அவருக்கு மட்டும்தான் இல்லை.

எபினேயில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனிய இருக்கிறார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் நடத்தின கலியாணமே காணும்" என்பார். சொந்தம் என்று ஊரில் இருந்தது ஒரே ஒரு தமையன், சிவபாதம். பெரியண்ணை என்றுதான் சொல்வார். தாய் தகப்பன் போனபிறகு இவரை வளர்த்து, கடைசியில் தன் பங்குக் காணியை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அனுப்பின நாளுக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. இவரிடம் இருப்பது அகதிக் கார்த், அகதிகளுக்குக் கொடுக்கிற அட்டை. அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக்கூடாது. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்க மொழிச் சோதனை எழுத வேண்டும். மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் நடுங்காத மனிதன், அந்தச் சோதனைக் கதையை எடுத்தால் சுவரைப் பார்ப்பார்.

பெரியண்ணைக்குச் சீனி வருத்தத்தில், நீரிழிவில், பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீலன் அண்ணர் தொலைபேசி எடுத்து அவருக்குத் தனி நிகழ்ச்சி நடத்துவார். சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை, மணமக்கள் வந்ததிலிருந்து பாயாசம் முடிந்தது வரை, அதே மேடைக்குரலில் சொல்வார். அங்கே அவர் கண் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாராம். தமையனின் மகள், இவருக்குப் பெறாமகள், அஜந்தா சொல்வாளாம்: "சித்தப்பா, உங்கடை கோல் வாற நாளிலைதான் அப்பா வடிவாச் சாப்பிடுறவர்."

இனி அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மேடை ஏறும் நாளில் அவர் தன் கைத்தொலைபேசியை வைத்திருப்பதில்லை. என்னிடம் தந்துவிடுவார்.

சைவ ஆட்களுக்கு இரத்த உறவில் ஒரு சாவு விழுந்தால் துடக்கு. அந்த நாட்கள் கழியும்வரை நல்ல காரியம் நடக்கிற இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. துடக்குக்காரன் வந்து நின்றால் பிள்ளைக்குக் கூடாது என்று நினைப்பார்கள். யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், ஆனால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். சீலன் அண்ணர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "செத்தவுடனை துடக்கு இல்லை ரோசாலி. கேள்விப்பட்டாத்தான் துடக்கு. என்ரை சித்தப்பா செத்தது ஒரு கலியாணத்தண்டைக்கு விடிய. நான் கேட்டது தாலி கட்டி, பந்தி முடிஞ்ச பிறகு. அப்ப நான் மேடையிலை நிண்ட நேரம் எனக்கு ஒரு துடக்கும் இல்லை."

"ஏன் அண்ணை என்னட்டைத் தாறீங்கள்? DJக்காரரிட்டைக் குடுக்கலாமே?"

"அவர் சைவம். செய்தியை வைச்சுக்கொண்டு மண்டபத்துக்குள்ளை நிக்க அவருக்கு நெஞ்சு ஏவாது. நீர் வேதக்காரி. உங்களுக்கு உது ஒண்டும் இல்லைத்தானே."

உண்மைதான். கிறிஸ்தவரான எங்களுக்குத் துடக்கு இல்லை. ஆனால் இன்னொருவர் வீட்டுச் சாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிடாரம் கழுவுவது எங்களுக்கும் பாரம்தான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

போன மாரியில் ஒரு வியாழக்கிழமை லா சப்பலில் கண்டபோது அவர் என்னை மேடைக்குரலில் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "பெரியண்ணையை வீட்டை கொண்டுபோகச் சொல்லிப்போட்டாங்களாம் ரோசாலி. கிட்னியும் விட்டிட்டுதாம். ரெண்டு மூண்டு நாள்தானாம்."

அந்தச் சனிக்கிழமை பொண்டியில் ஒரு மண்டபத்தில் மிருணாளினியின் சாமத்தியவீடு. அவளுடைய தாய் சிவாஜினிக்கும் தகப்பனுக்கும் லா சப்பலில் நகைக்கடை. ஒரே பிள்ளை. அழைப்பிதழில் சீலன் அண்ணருடைய படமும் போட்டிருந்தார்கள்.

"மேடையை வேறை ஆரிட்டையாவது குடுத்திட்டு வீட்டை நில்லுங்கோவன் அண்ணை" என்றேன். "தமையன் ஒருக்காக் கதைக்கோணும் எண்டு கேட்டால்?"

"அவர் இப்ப கதைக்கிற நிலையிலை இல்லை பிள்ளை. கண்ணே முழிக்கேல்லையாம். இனி வாற கோல் ஒரு கோல்தான்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "எபினேயிலை அறைக்குள்ளை இருந்து என்ன செய்யிறது? ரெலிபோனையும் சுவரையும் மாறி மாறிப் பாக்கிறதோ? மேடையிலை நிண்டா எனக்கு ஒண்டும் வராது. பயமும் வராது, அழுகையும் வராது. கீழை இறங்கினாத்தான் எல்லாம்."

வெள்ளிக்கிழமை நான் கோயிலில் அவருடைய தமையனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நல்ல மரணம் வரவேண்டும் என்றுதான் மன்றாடினேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வழக்கம்போலக் கோட்டுக்கு ஆவி காட்டினார். வழக்கம்போலப் பல்லை அழுத்தினார். தொலைபேசியைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். "ஊர் நம்பர் வந்தா எடுக்காதேங்கோ. எடுத்தாலும் மேடை முடியுமட்டும் சொல்லாதேங்கோ. ஆலாத்தி முடியட்டும், கேக் வெட்டட்டும். பேந்து நானே வந்து கேப்பன்." என் தலையைப் பார்த்தே சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளை வெளிவருவதற்கு மேடையில் பெரிய சிப்பி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். புகை எழும்ப அது மெல்லத் திறந்தது. உள்ளே மிருணாளினி மாம்பழ நிறச் சேலையில் இருந்தாள். புகை மூக்குக்குள் போய்ப் பிள்ளை தும்மினாள். மண்டபம் சிரிக்கப்போன அந்தக் கணத்தில் சீலன் அண்ணரின் குரல் எழும்பியது. "முத்து தும்மினால் மழை பெய்யும் என்பார்கள்! இதோ பொண்டியில் பூமழை!" அவர் சொன்னதற்காகவே மேலே இருந்து பூவைக் கொட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளையின் வெட்கம் போய்விட்டது. சமையலறைக் கதவால் பார்த்துக்கொண்டிருந்த நானும் ஈரக்கையோடு தட்டினேன்.

ஆலாத்தி தொடங்கிச் சோடிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது என் ஏப்ரனுக்குள் தொலைபேசி அதிர்ந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். அஜந்தாவின் படம். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டு கிடாரத்தைத் தேய்த்தேன். மூன்றாம் முறையும் அடித்தபோது என்னால் முடியவில்லை. செத்த வீட்டில் நின்று ஒரு பிள்ளை கூப்பிடுகிறது, ஒரு வார்த்தை ஆறுதலாவது சொல்லுவோம் என்று எடுத்தேன்.

"சித்தப்பா! சித்தப்பா!"

"நான் ரோசாலி பிள்ளை. சித்தப்பா மேடையிலை நிக்கிறார்."

"அன்ரி, கெதியாக் குடுங்கோ. அப்பா கண் முழிச்சிட்டார். சீலன் எங்கை, சீலன்ரை சத்தம் எங்கை எண்டு கேக்கிறார். இண்டைக்கு ஞாயிறெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார் அன்ரி. மூச்சு இழுக்குது. ஒரு சொல்லு சித்தப்பா சொன்னாக் காணும்."

நான் ஓடினேன். மேடையின் இரண்டு படிக்கட்டிலும் தட்டோடு பெண்கள் நின்றார்கள். பக்கவாட்டில், பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்ட நின்று தொலைபேசியை உயர்த்திக் காட்டினேன். சீலன் அண்ணர் அடுத்த சோடியைக் கூப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார். என் கையில் இருந்ததைக் கண்டார்.

வாய் சிரித்தபடியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டுக் கீழே விழுந்தது. மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இருக்கிறார்" என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். "அண்ணை, இருக்கிறார், உயிரோடை இருக்கிறார்." கையால் காதைக் காட்டினேன், வாயைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன சேதி என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதைக் கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது இருந்தது. ஆலாத்தித் தட்டின் சுடர் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

சிவாஜினி பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். மகளுக்கு ஆலாத்தி எடுக்கிற நேரத்தில் சாகக் கிடக்கிற ஒருவரின் பேச்சை ஒரு தாயின் காதில் எப்படிப் போடுவது? "என்ன அக்கா, சாப்பாடு பிந்துமோ?" என்று அவளே கேட்டாள். இல்லையம்மா என்றேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. தொலைபேசியை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே நீட்டிப் பிடித்தேன். சத்தத்தைக் கேட்கட்டும், தமையனின் பெயரைச் சொல்லாவிட்டாலும் தம்பியின் சத்தம்தானே என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ மேடைக்கு ஏறிச் சீலன் அண்ணரின் காதில் எதையோ சொல்லிவிட்டுப் போனார். அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்பான உறவுகளே, ஓர் அன்பான வேண்டுகோள். அயலவரின் வாசலை மறித்து நிற்கும் வெள்ளை நிறப் பெஜோ காரின் சொந்தக்காரர் உடனடியாக வந்து காரை அப்புறப்படுத்தவும். மீண்டும் ஒருமுறை, வெள்ளை நிறப் பெஜோ..."

அந்தப் பக்கத்தில் அஜந்தா தகப்பனின் காதுக்குள் சொல்வது கேட்டது. "கேக்குதேப்பா? சித்தப்பா கதைக்கிறார். கேக்குதே? அப்பா... அப்பா?" பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. பெண்களின் அழுகைச் சத்தம் எழும்பியது. இங்கே அடுத்த சோடி மேடைக்கு ஏறியது. நான் தொலைபேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்படியில் நின்று, அந்த ஆத்துமத்துக்காகத் தெரிந்த செபத்தைச் சொன்னேன்.

ஆலாத்தி முடிந்து சனம் பிள்ளையோடு படம் எடுக்கத் தொடங்கியதும் அவர் சுடுதண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்துவிட்டுக் கைக்குள் வைத்திருந்தார். சமையல்காரர் பந்திக்குக் கறி கொண்டு போயிருந்தார். நானும் அவரும்தான் நின்றோம்.

"சொல்லாதேங்கோ" என்றார். "இன்னும் கேக் வெட்டு இருக்கு."

நான் சொல்லவில்லை. ஆனால் என் கண் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. நீர் வந்து நிண்டபோதே எனக்கு விளங்கிட்டுது. எப்ப நடந்ததாம்? விடியவோ?"

இதற்குப் பிறகு மறைப்பது பாவம் என்று பட்டது. பிறகு எந்த வாயால் சொன்னாலும் அவருக்கு வலிக்கத்தான் போகிறது.

"நான் வந்து நிண்ட நேரம் உங்கடை அண்ணை இருந்தவர்" என்றேன். "கண் முழிச்சு உங்கடை சத்தம் எங்கை எண்டு கேட்டவராம். அதுக்குத்தான் அஜந்தா எடுத்தவள்."

அவர் அரிசி மூட்டையில் இருந்தார். கோட்டின் முன்பக்கம் மடிந்து சுருங்கியது. அதைக் கவனிக்கவில்லை.

"என்ரை சத்தம் கேட்டவரோ?"

"நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை பிடிச்சனான் அண்ணை."

"நான் அப்ப என்ன சொல்லிக்கொண்டு நிண்டனான்?"

பொய் சொல்லியிருக்கலாம். பாட்டுப் பாடிக்கொண்டு நின்றீர்கள் என்றால் அவர் நம்பியிருப்பார். என் வாய்க்கு வரவில்லை.

"காரை எடுக்கச் சொல்லி."

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்காத பிள்ளை மாதிரி பார்த்தார். "வெள்ளைப் பெஜோ" என்றார். பிறகும் ஒருமுறை, மேடைக்குரல் இல்லாத குரலில், "வெள்ளைப் பெஜோ" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கரகரத்த, ஒடுங்கின, எந்த மண்டபத்திலும் நாலு கதிரைக்கு அப்பால் கேட்காத ஒரு குரல்.

"எடுத்தவங்களோ காரை?"

"ஓம் அண்ணை. எடுத்திட்டாங்கள்."

"அப்ப சரி."

கதவைத் தள்ளிக்கொண்டு சிவாஜினி வந்தாள். முகமெல்லாம் சந்தோசம். "அண்ணை, இஞ்சை ஒளிச்சுக்கொண்டு இருக்கிறியளே? கேக் வெட்டப்போறம், வாங்கோ. நீங்கள் இல்லாமல் அங்கை ஒரே அமளி."

அவள் கையைப் பிடிக்க வந்தாள். சீலன் அண்ணர் சட்டென்று எழும்பி, கிடாரத்தைச் சுற்றி மற்றப் பக்கம் போய்விட்டார். "வாறன் தங்கச்சி, வாறன். கிட்ட வராதேங்கோ, கையெல்லாம் எண்ணெய்." கையில் எண்ணெய் இல்லை. இப்போது அவர் கேள்விப்பட்டவர். "இண்டைக்கு ஒரு புதுமை செய்யப்போறன். ஆள் வராது, குரல் மட்டும் வரும். சனம் தேடட்டும். நீங்கள் போய்ப் பிள்ளையின்ரை கையிலை கத்தியைக் குடுங்கோ."

"உங்கடை கூத்து!" என்று சிரித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

அவர் மண்டபத்துப் பக்கம் திரும்பவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு இறங்கினார். அங்கே காஸ் சிலிண்டர்களும் பச்சைக் குப்பைத் தொட்டிகளும் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. கதவு நிலைக்கு வெளியே, ஒரு காலும் உள்ளே படாமல் நின்று பார்த்தார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். பெருவிரலால் பல்லை அழுத்தினார். பொத்தானைத் தட்டினார்.

"அன்பான உறவுகளே! என்னைத் தேடாதீர்கள்! கதிரைக்குக் கீழே பார்க்காதீர்கள்! இன்று எங்கள் மிருணாளினியின் நாள், அவள் முகத்தை மட்டும் பாருங்கள்!"

உள்ளே மண்டபம் கூவியது. எங்கே நிற்கிறார், எங்கே நிற்கிறார் என்று பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. சிரிப்பு அலையலையாக வந்தது. வெளியே அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். கண்ணால் வழிந்ததும் மழையும் ஒன்றாகி மீசைக் கறுப்பைக் கரைத்துக் கன்னத்தில் கோடு இழுத்தது. குரல் நடுங்கவேயில்லை. "எண்ணுவோமா? எல்லோரும் சேர்ந்து எண்ணுவோமா?" என்று கேட்டுவிட்டு, சனம் எண்ணுகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒலிவாங்கியை நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டு ஒருமுறை விம்மினார். பிறகு திரும்ப எடுத்தார். "வெட்டுங்கோ! கை தட்டுங்கோ! இந்தத் தட்டு ஊருக்குக் கேக்கோணும்!"

நான் கதவில் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே போனால் அவர் தள்ளித்தான் போவார் என்று தெரிந்தது.

அப்போதுதான் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிருணாளினி சமையலறைக்குள் வந்தாள். குரல் வருகிற இடத்தை அவள்தான் கண்டுபிடித்திருந்தாள். மற்றக் கையில் கேக் துண்டு. பெரியவர்களுக்கு ஊட்டுகிற முறைக்கு முதல் வாய்களில் ஒன்றை இவருக்கென்று கொண்டு வந்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! அங்கிள், கத்தோ சாப்பிடுங்க. ஆ காட்டுங்க."

நான் மறிக்குமுன் அவள் பின்கதவைத் தாண்டிவிட்டாள். சீலன் அண்ணர் அவளைக் கண்டதும் பின்னுக்குப் போனார். அவள் கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். அவர் இரண்டு அடி விலகினார். "பிறந்தநாள் பிள்ளை மாதிரி ஓடி வாறா பாருங்கோ உறவுகளே, ஆளைப் பிடிச்சிட்டா!" என்று ஒலிவாங்கிக்குள் சொல்லி, உள்ளே இருப்பவர்களைச் சிரிக்க வைத்தார். முதுகு குப்பைத் தொட்டியில் முட்டியது. பக்கவாட்டில் நழுவினார்.

இது ஏதோ விளையாட்டு என்று பிள்ளை நினைத்தாள். சிரித்துக்கொண்டு, கேக்கை நனையாமல் உள்ளங்கையால் மூடியபடி இன்னும் கிட்டப் போனாள். சீலன் அண்ணர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் வாய்க்கு முன்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் இன்னும் ஓர் அடி பின்னுக்கு வைத்தார்.